அம்மா கையில் என் பெயர்

நாற்பது வயதைத் தாண்டிய பிறகுதான் நான் எழுத்துக் கற்றேன். கச்சிராயபாளையத்தில் பகலெல்லாம் கரும்பு வெட்டிவிட்டு, சாயங்காலம் முதியோர் வகுப்பில் போய் உட்காருவேன். முதலில் கற்றது என் பெயர். மூன்றே எழுத்து. மண்ணில், சுவரில், டவுன் பஸ்ஸின் தூசியில் என்று கண்ட இடத்திலெல்லாம் எழுதிப் பார்த்தேன்.

ஒரு மத்தியானம் வரப்பில் அம்மாவோடு சாப்பிட உட்கார்ந்திருந்தேன். சோறு பிசைந்த அவள் கையில் பச்சை குத்திய அடையாளம் ஒன்று உண்டு. சின்ன வயதிலிருந்து பார்த்துவரும் அதை ஏதோ பூ வேலை என்றே நினைத்திருந்தேன். அன்று அது எழுத்தாகத் தெரிந்தது. என் பெயர்.

"எம் பேரையாம்மா குத்திக்கினு இருக்கற?" சந்தோஷமாகத்தான் கேட்டேன்.

அம்மா பிசைவதை நிறுத்தினாள். "அது நீ இல்லடி. உனுக்கு முன்ன ஒருத்தி பொறந்தா. நடக்க ஆரம்பிச்சப்ப காய்ச்சல்ல பூட்டா. அவ பேரத்தான் உனுக்கும் வெச்சோம்."

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

"இன்னாத்த சொல்றது? அவதான் திரும்பி வந்துட்டான்னு நெனச்சிக்கினு இருக்கறேன்."

காற்றே இல்லை. ஆனாலும் எங்களுக்குப் பின்னால் கரும்புத் தோகை சரசரத்தது. அம்மா அந்தப் பக்கம் பார்த்துச் சிரித்தாள். நான் திரும்பவில்லை.

அன்று வகுப்பிலும் பெயரை எழுதச் சொன்னார்கள். எழுதினேன். அழிக்கச் சொன்னபோது மட்டும் கை வரவில்லை. சிலேட்டைப் புடவைக்குள் மறைத்து வீட்டுக்கு எடுத்துப் போனேன்.