ஒன்றாம் ஜன்னலும் இரண்டாம் ஜன்னலும்

கல்மண்டபம் பக்கம் ஒரு தர்ம ஆஸ்பத்திரியில் வெளிநோயாளிகளுக்குச் சீட்டுப் போட்டுக் கொடுப்பதுதான் என் முதல் வேலை. மொத்தம் இரண்டு ஜன்னல்கள். இரண்டாவதில் நான். முதலாவதில் என்னைவிடப் பத்து வயது மூத்த ஓர் அக்கா. அவருக்கு வீடு அங்கேயே, சர்ச்சுக்குப் பின் சந்தில். நான் திருவொற்றியூரிலிருந்து வர வேண்டும். கண்டெய்னர் லாரிகள் ரோட்டை அடைத்துக்கொண்டால் பஸ் எப்போது நகரும் என்று யாராலும் சொல்ல முடியாது. நான் வந்து சேரும்வரை இரண்டு ஜன்னலையும் அக்காதான் சமாளிப்பார். "வந்துட்டியா? மூஞ்சி கழுவிகினு வா, ஒரே கரியா கீது" என்பார். வேறு எதுவும் கேட்கமாட்டார்.

நான் சேர்ந்த புதிதில் எல்லாம் கையெழுத்துதான். இரண்டாயிரத்துக்குப் பிறகு நிர்வாகம் கம்ப்யூட்டருக்கு மாறுவதென்று முடிவு செய்தது. இரண்டு கம்பெனிகள் வந்தன. தங்களுடைய சாஃப்ட்வேர்தான் வேகம் என்று இரண்டும் சொல்லின. மானேஜர் யாருக்கும் பிடிகொடுக்கவில்லை. "பேச்செல்லாம் வேணாம், ரெண்டையும் ஓட்டிப் பாத்துடலாம்" என்றார். ஒன்றை அக்காவின் மேசையிலும் மற்றதை என் மேசையிலும் போட்டார்கள். மழைக்காலம் முடிகிறவரை இரண்டும் ஓட வேண்டும். எது ஜெயிக்கிறதோ அது லேப், மருந்துக் கடை, வார்டு எல்லாவற்றுக்கும் போகும்.

அளந்து பார்க்க ஓர் இளைஞரை அமர்த்தியிருந்தார்கள். எங்களுக்குப் பின்னால் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருப்பார். நோயாளி ஜன்னலுக்கு வந்ததும் ஸ்டாப்வாட்சை அமுக்குவார். பிரிண்டரிலிருந்து சீட்டைக் கிழித்ததும் மறுபடி அமுக்குவார். மெஷின் எத்தனை தடவை நின்றது, கரண்ட் போய் வந்தால் எழுந்திருக்க எவ்வளவு நேரம், எல்லாம் எழுதிக்கொள்வார். மாலையில், மணிக்கு எத்தனை சீட்டு என்று ஒரு வரைபடம் போட்டுச் சுவரில் ஒட்டுவார். சிவப்புக் கோடு அக்கா, பச்சைக் கோடு நான். நல்ல பையன். டீ வாங்கப் போனால் எங்களுக்கும் சேர்த்து வாங்கி வருவார்.

ஒரே ஒரு கட்டளை போட்டார். ஒருவர் வேலையில் இன்னொருவர் கை வைக்கக் கூடாது. வைத்தால் அளவு கெட்டுப்போகும். அதனால் நான் தாமதமாக வந்தாலும் என் வரிசையை அக்கா தொடுவதில்லை. அவர் வரிசை வாசல்வரை நீண்டாலும் நான் சும்மா இருக்க வேண்டும். இரண்டு மேசைக்கும் நடுவில் ஏற்கெனவே ஒரு பலகைத் தடுப்பு இருந்தது. அதுவரை அது எங்கள் கண்ணில் பட்டதே இல்லை.

இரண்டு சாஃப்ட்வேருக்கும் குணம் வேறு. என்னுடையது பெயரையும் வயதையும் கொடுத்தால் உடனே புது நம்பர் கொடுத்துவிடும். அக்காவுடையது இவர் ஏற்கெனவே வந்தவரா என்று முதலில் தேடும். அந்த வட்டாரத்தில் ஒரே பெயரில் தெருவுக்குப் பத்துப் பேர். பட்டியல் வந்துகொண்டே இருக்கும். அக்கா ஒவ்வொருவரையும் கேட்பார்: "எந்த சந்து? உங்க வூட்டுக்காரரு பேரு இன்னா? போன தபா கால்ல அடிபட்டு வந்தியே, அது நீதான?" சரியான ஆளைக் கண்டுபிடித்த பிறகுதான் சீட்டு.

சிவப்புக் கோடு பச்சைக்கு அருகில் வரவே இல்லை. வரிசையில் நிற்பவர்களுக்கும் அது சீக்கிரமே தெரிந்துவிட்டது. வேலைக்குப் போகிறவர்கள், கைப்பிள்ளைக்காரிகள் எல்லாம் என் பக்கம் வந்தார்கள். காது கேட்காதவர்கள், ஊர் பெயரைக்கூடச் சரியாகச் சொல்லத் தெரியாத கிழவிகள் அக்காவிடமே நின்றார்கள். அதனால் சிவப்புக் கோடு இன்னும் கீழே இறங்கியது. மெஷின் நின்றுவிட்டால் ஆட்கள் மெஷினைத் திட்டுவதில்லை. "இன்னாமா, பேஜாரா கீது, கைய நவுத்துமா!" என்று ஜன்னல் கம்பியைத் தட்டுவார்கள். அக்கா மெஷினை மறுபடி போடுவார். சாயங்காலம் கைப்பையை எடுத்துக்கொண்டு சுவர்ப் பக்கம் பார்க்காமல் வெளியே போவார். சாப்பாட்டு நேரத்தில் என்னோடு உட்காருவதும் மெல்லக் குறைந்தது. மீன் குழம்பு கொண்டுவந்தால் எனக்கு ஒரு கிண்ணம் வைத்துவிட்டுப் போவார், அவ்வளவுதான்.

அக்காவின் கணவர் காசிமேட்டில் படகுகளுக்கு ஐஸ் உடைத்து ஏற்றுகிறவர். ஒரு நாள் காலைக் கூட்ட நேரத்தில் இரண்டு பேர் அவரை மீன்பாடி வண்டியில் உட்காரவைத்துக் கொண்டுவந்தார்கள். அவர் தன் காலாலேயே இறங்கி நடந்து அக்காவின் ஜன்னலுக்கு வந்தார். நெஞ்சில் கையை வைத்திருந்தார். "ஒண்ணும் இல்ல, வாயு புடிச்சிகிச்சு. இவனுங்கதான் இஸ்துகினு வந்துட்டானுங்க" என்றார்.

ஈசிஜி எடுக்கச் சீட்டு வேண்டும். அக்கா டைப் அடித்தார். பட்டியல் வந்தது. அவர் பெயர் சாதாரணப் பெயர். அக்கா திரையைக் கீழே கீழே இறக்கித் தன் கணவரைத் தேடிக்கொண்டிருந்தார். நடுவில் மெஷின் நின்றது. அக்காவின் கைகள் கீபோர்டின் மேலேயே இருந்தன.

நான் கம்பி வழியாகக் கூப்பிட்டேன். "அண்ணா, இப்டி வாங்க." அவர் என் ஜன்னலுக்கு வந்தார். வயதைக் கேட்டேன், சொன்னார். நம்பர் விழுந்தது. சீட்டைக் கிழித்துக் கொடுத்தேன். அதற்குள் நர்ஸ் சக்கர நாற்காலியோடு வந்துவிட்டாள். அக்கா எழுந்து பின்னால் ஓடினார். பார்த்த டாக்டர் உடனே பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பச் சொன்னார். ஆம்புலன்ஸில் அக்காவும் ஏறிப் போனார்.

மாலையில் அந்த இளைஞர் வரைபடத்தை ஒட்டவில்லை. வெகுநேரம் தாளைப் புரட்டிக்கொண்டே இருந்தார். பிறகு என் அருகில் வந்து, யாருக்கும் கேட்காத குரலில், "மேடம், காலைல அந்தக் கேஸ்... ஒண்ணாம் ஜன்னல்ல ஆரம்பிச்சுது, ரெண்டாவதுல முடிஞ்சுது. எதுல சேக்கறது?" என்றார்.

கேட்டுவிட்டு அவரே முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

மறுநாள் மதியம் அக்காவின் கணவர் இறந்துவிட்டதாகச் செய்தி வந்தது. சீட்டுக்கு ஆன தாமதத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று டாக்டரே எங்களிடம் சொன்னார். பல நாளாக அடைப்பு இருந்திருக்கிறது. அக்காவிடமும் அதைச் சொல்லியிருப்பார்கள். அடக்கத்துக்குப் போனபோது அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

முப்பதாம் நாள் பூசை முடியும்வரை அக்கா லீவு. அளப்பது நிற்கவில்லை. மருந்துக் கடையிலிருந்து ஒரு பெண்ணை அழைத்துவந்து ஒன்றாம் ஜன்னலில் உட்காரவைத்தார்கள். சுறுசுறுப்பான பெண். பட்டியல் வந்தால் பார்க்காமல் தாண்டிப்போக ஒரு பட்டன் இருப்பதை முதல் வாரத்திலேயே கண்டுபிடித்துவிட்டாள். பழைய ஆளோ புது ஆளோ, எல்லோருக்கும் புது நம்பர். சிவப்புக் கோடு ஏறியது. ஏறி என் பச்சைக் கோட்டைத் தாண்டிப் போனது. அவளுடைய வரிசையில் கூட்டம் சேர்ந்தது. கிழவிகள் என் பக்கம் வந்தார்கள்.

மழைக்காலம் முடிந்ததும் முடிவு சொன்னார்கள். அக்காவின் மெஷினில் ஓடியதுதான் ஜெயித்தது. மானேஜர் எங்கள் முன்னாலேயே சொன்னார்: "சிஸ்டம் நல்லாத்தான் இருந்துச்சு. ஆளுதான் ஸ்லோ."

எனக்குப் பொறுக்கவில்லை. "சார், அக்காவ ஒரு வாரம் என் மெஷின்ல உக்கார வச்சுப் பாருங்க. என்னைய அவங்க மெஷின்ல வைங்க. அப்பத்தான தெரியும்" என்றேன்.

"முடிஞ்சு போச்சும்மா. கையெழுத்தாயிடுச்சு" என்றார்.

அந்த இளைஞர் மூட்டை கட்டிக்கொண்டிருந்தார். அவரிடமும் கேட்டேன். "முதல்லயே ரெண்டு பேரையும் மாத்தி மாத்தி உக்கார வச்சிருக்கணும் மேடம். நான் கேட்டேன். குழப்பம் வரும்னு வேணான்னுட்டாங்க" என்றார். அவர் பொய் சொன்னதாக எனக்குத் தோன்றவில்லை. டிசம்பரில் வேறு ஊருக்கு வேலைக்குப் போய்விட்டார்.

அக்கா வெள்ளைப் புடவையில் திரும்பி வந்த அன்று அவருடைய நாற்காலியில் அந்தப் பெண் இருந்தாள். அக்காவை மாடிப்படிக்குக் கீழே ஒரு சின்ன அறைக்கு அனுப்பினார்கள். ஒரே ஆளுக்கு இரண்டு மூன்று நம்பர் விழுந்துவிட்டதாக லேபிலிருந்து புகார் வர ஆரம்பித்திருந்தது. ஒருவருடைய ரத்தப் பரிசோதனை ஒரு நம்பரில், மருந்து இன்னொரு நம்பரில். எது யாருடையது என்று பார்த்துப் பார்த்து ஒன்றாகச் சேர்ப்பது அக்காவின் வேலை. அறையில் ஜன்னல் கிடையாது. மத்தியானம் சாப்பாட்டை எடுத்துக்கொண்டு நான் அங்கே போவேன். ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுவோம். மேலே படியில் ஆட்கள் ஏறி இறங்கும் சத்தம் கேட்டுக்கொண்டிருக்கும்.

"இன்னாடி, இன்னும் எத்தினி வரும்?" என்று ஒரு நாள் கேட்டார்.

"தெனம் வருதுக்கா."

"வரட்டும்" என்றார். அதற்கடுத்த ஈஸ்டருக்கு முன்பே வேலையை விட்டுவிட்டார்.

எண்ணூரில் தங்கை வீட்டுக்குப் போய்விட்டார் என்று கேள்விப்பட்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை பார்க்கப் போனேன். இளைத்திருந்தார். ஒரு பள்ளிக்கூட ஆபீசில் வேலை என்றார். ஆஸ்பத்திரியைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. டீ குடித்து முடித்து நான் எழுந்திருக்கும்போதுதான் கேட்டார்.

"அன்னிக்கி உன் ஜன்னலாண்ட வந்தாரே. உன்னாண்ட இன்னா சொன்னாரு?"

நான் யோசித்தேன். சேர்த்துச் சொல்ல ஏதாவது இருந்தால் நன்றாக இருக்கும் என்று தோன்றியது. ஆனால் இல்லை.

"வயசு கேட்டேன்க்கா. அம்பதுன்னாரு."

"நாப்பத்தாறு" என்றார் அக்கா. "அவுருக்கு எப்பவுமே தெரியாது."

பஸ் ஸ்டாப்புவரை கூட வந்தார். லாரிகள் வரிசையாக நின்றிருந்தன. பஸ் வர ரொம்ப நேரமானது. இருவரும் தூசிக்காக முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றிருந்தோம்.