அக்கா தேர்ந்தெடுத்த இரட்டைக்குழல்

வெள்ளிக்கிழமை காலை நாகர்கோவிலில் ரயில் ஏறியபோது என் மனதில் ஒரே ஒரு காரியம்தான் இருந்தது. அக்காவையும் அத்தானையும் ஊருக்கு அழைத்து வந்துவிட வேண்டும். மாநில எல்லைக்கு அப்பால் மலையோர விதுராவில் இருக்கிற ஒன்றரை ஏக்கர் விளையை வந்த விலைக்குக் கொடுத்துவிட்டு எங்கள் வீட்டு மாடியில் குடியிருக்கலாம். வடசேரியில் என் தையல் கடையை அக்காவும் சேர்ந்து பார்த்துக்கொள்ளலாம். இதை எப்படிச் சொல்வது என்று பாறசாலை வரைக்கும் யோசித்துக்கொண்டே போனேன்.

காரணம், அத்தானுக்கு நேர்ந்த விபத்து. போன மாதம் ஒரு சாயங்காலம் அவர் ஸ்கூட்டரில் வீடு திரும்பும்போது ரப்பர் தோட்டத்துக்குள்ளிருந்து ஒரு காட்டுப்பன்றி குறுக்கே பாய்ந்துவிட்டது. வண்டியோடு விழுந்ததில் தொடை எலும்பு முறிந்து, உள்ளே கம்பி வைத்திருக்கிறார்கள். அவர் கைத்தாங்கிச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு முற்றத்துக்கும் கட்டிலுக்கும் இடையில்தான் நடக்கிறார். அதே மாதத்தில் பன்றிக் கூட்டம் விளைக்குள் இறங்கி, பிடுங்கப் பருவமான மரச்சீனிக் கிழங்கில் பாதியைத் தோண்டித் தின்றுவிட்டுப் போயிருந்தது.

நான் போன அன்றைக்கே அக்கா துப்பாக்கி வாங்க நகரத்துக்கு வருவதாக இருந்தாள். தம்பானூரில் சந்திக்கலாம் என்று போனில் சொல்லியிருந்தாள்.

அக்காவுக்கு எதற்குத் துப்பாக்கி என்று வாசகர்கள் கேட்கலாம். அவள் மாமனார் பயிர்க் காவலுக்காக உரிமம் வைத்திருந்தவர். அவர் இறந்தபின் அத்தானுக்கு வலது கண்ணில் பார்வை குறைவு என்பதால், அந்த உரிமத்துக்கு அக்கா மனுப் போட்டாள். கிடைத்தது. இத்தனை நாள் கிழவரின் ஒற்றைக்குழல் துப்பாக்கியால் வெடி போட்டுப் பன்றிகளை விரட்டிக்கொண்டிருந்தாள். இப்போது அதன் குழலில் கீறல் விழுந்துவிட்டது. பயிரை அழிக்கும் பன்றிகளைச் சுட ஊராட்சி உத்தரவு கொடுக்கிறது. அப்படிச் சுட அனுமதி பெற்றவர்களின் பட்டியலில் அக்காவின் பெயரும் ஏறியிருந்தது.

தம்பானூர் ஸ்டேஷன் வாசலில் நின்றிருந்தாள் அக்கா. பெயர் ஞானசெல்வி. ஐம்பத்திரண்டு வயது, குள்ளமான உருவம். இளநீலச் சேலை, தோளில் ஒரு துணிப்பை. இவள் துப்பாக்கி வாங்க வந்தவள் என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

"சாப்பிட்டியா பிள்ளே?" என்றாள்.

பழவங்காடிப் பிள்ளையார் கோயிலுக்கு எதிரே ஒரு சின்ன ஓட்டலில் தோசை சாப்பிட்டோம். மாலையும் தேங்காயுமாக ஜனங்கள் போய்க்கொண்டிருந்தார்கள். எதிரே உடைகிற தேங்காய்களின் சத்தத்துக்கு நடுவே என் விஷயத்தை எடுக்க முடியவில்லை. அங்கிருந்து நடந்தே சாலை என்கிற கடைவீதிக்குப் போனோம். அரிசி மொத்தக் கடைகளையும் இரும்புக் கடைகளையும் தாண்டி, ஒரு குறுக்குத் தெருவின் மாடியில் துப்பாக்கிக் கடை.

கடைக்காரர் வேலாயுதன், பரம்பரையாகச் சாலைக் கடைவீதியில் வியாபாரம் செய்யும் தமிழ்க் குடும்பத்துக்காரர். அக்காவின் உரிமத்தையும் அனுமதிக் காகிதத்தையும் வாங்கிப் பார்த்தார்.

"ரைஃபிளும் எடுக்கலாம், குண்டு சிதறிப் போற கன்னும் எடுக்கலாம். ரெண்டில் ஒண்ணு. எது வேணும்னு தீர்மானிச்சாச்சோ?"

"வீட்டுல அவிய ரைபிள்தான் வேணும்னு சொல்லியாவ. நான் பாத்துட்டுச் சொல்லுதேன்," என்றாள் அக்கா.

அவர் முதலில் முந்நூற்றுப் பதினைந்து ரக ரைபிள் ஒன்றை எடுத்து மேஜையில் வைத்தார். ஒற்றைக் குழல், கறுத்து மினுங்கியது. அப்புறம் பன்னிரண்டு 'போர்' அளவு இரட்டைக்குழல் கன் ஒன்றை அதன் பக்கத்தில் வைத்தார். எனக்கு இரண்டும் துப்பாக்கிதான். அக்கா இரண்டையும் கையில் எடுக்காமல் சிறிது நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"இது எவ்வளவு தூரம் போவும்?"

"ரைஃபிளா? நூறு மீட்டரில் சரியாக் குறி வைக்கலாம், அதுக்கு மேலயும் வைக்கலாம். எங்க அப்பா காலத்தில மான் வேட்டைக்குப் போறவங்க இதுதான் கேப்பாங்க. புல்மேட்டில அந்தச் சரிவில மான் நிக்கும், இந்தச் சரிவில இருந்து சுடணுமே. இப்போ மானைச் சுட்டா ஜெயில்."

"நான் கேட்டது, குறி தப்பினா எவ்வளவு தூரம் போவும்னு."

வேலாயுதன் கண்ணாடியைக் கழற்றினார். "தடுக்க ஒண்ணும் இல்லைன்னா மைல் கணக்கில போகும் சேச்சி."

அக்கா தன் விளையைப் பற்றிச் சொன்னாள். கீழே மரச்சீனி, நடுவே வாழை. விளையின் மேல் எல்லையிலிருந்து மலைச்சரிவு முழுக்க ரப்பர். விடியுமுன்னே நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு பெண்கள் ரப்பர் மரங்களில் பால் வெட்ட வந்துவிடுவார்கள். அவளும் கலியாணமான புதிதில் அப்படி வெட்டப் போனவள்தான். பன்றிகள் இறங்குவதும் அதே நேரம்.

"அப்போ ரைஃபிள் வேண்டாம்," என்று கடைக்காரரே சொன்னார். "கன்னில ஒரு குறை உண்டு கேட்டோ. முப்பது மீட்டருக்குள்ள மிருகம் வரணும். காத்திருக்கணும்."

அதற்குள் அத்தான் போனில் கூப்பிட்டார். "ரைபிளே எடு செல்வி. தூரத்துல இருந்தே போட்டுரலாம்," என்று அவர் சொன்னது எனக்கும் கேட்டது.

"நீங்க சுடப் போறியளா, நான் சுடப் போறேனா?" என்று மெதுவாகக் கேட்டாள் அக்கா. "செரி, உனக்குப் பட்டத எடு," என்றார் அத்தான்.

அவள் இரட்டைக்குழலைத் தோளில் வைத்துப் பார்த்தாள். மரக்கட்டை நீளமாக இருந்ததால் கன்னம் சரியாகப் படியவில்லை. வேறொன்றை எடுத்தாள். மூன்றாவதாக எடுத்ததில் கட்டையின் நீளம் கொஞ்சம் குறைவு. அதைத் தூக்கிச் சுவரிலிருந்த காலண்டரை நோக்கிப் பிடித்தபோது அவள் முகம் மாறியதைப் பார்த்தேன். தினமும் விளையில் கொத்துகிறவள் மண்வெட்டியைப் பிடிக்கிற மாதிரி, அலட்டிக்கொள்ளாத ஒரு பிடி. அவள் எதை முடிவு செய்ய வந்திருக்கிறாள் என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. நிலத்தை விற்க நினைக்கிறவள் துப்பாக்கியின் கட்டை நீளம் பார்ப்பாளா? என் மாடி வீட்டுப் பேச்சை அங்கேயே விட்டுவிட்டேன்.

தோட்டாவைப் பற்றியும் ஒரு பேச்சு நடந்தது. சின்னச் சின்னக் குண்டுகள் நிறைய உள்ளதும் இருந்தது, பெரிய குண்டுகள் ஐந்தாறு மட்டும் உள்ள எல்.ஜி.யும் இருந்தது.

"நிறைய குண்டுன்னா ஒண்ணாவது படுமே?" என்று கேட்டேன்.

"படும். ஆனா சாகாது," என்றார் வேலாயுதன். "குண்டை வாங்கிக்கிட்டு ஓடும். எங்கேயாவது புதரில கிடந்து புழுத்துச் சாகும். இல்லேன்னா வழியில வர்ற ஆளைக் குத்தும்."

"எல்.ஜி. போதும்," என்றாள் அக்கா. ஒரு தோட்டா நூற்றிருபது ரூபாய். பத்து வாங்கினாள்.

துப்பாக்கியோடு பஸ் ஏற வேண்டாம் என்று வாடகைக் கார் பிடித்தோம். விதுராவுக்கு ஏறக்குறைய நாற்பது கிலோமீட்டர், ஆயிரத்து இருநூறு ரூபாய். உறையைப் பார்த்ததும் டிரைவர் வண்டியை எடுக்கவே தயங்கினார். அக்கா காகிதங்களைக் காட்டினாள். பேரூர்க்கடை தாண்டும்வரை பேசாமல் வந்தவர், நெடுமங்காட்டில் தேநீருக்கு நிறுத்தியபோது, "பன்னிக்குதானே சேச்சி? எங்க வீட்டுப் பக்கத்தில சேனை ஒண்ணும் பாக்கியில்ல. ராத்திரி பைக்கில போகவே பயமா இருக்கு," என்றார். தேநீருக்கு எங்களைக் காசு கொடுக்க விடவில்லை. போகிற வழியில் காவல் நிலையத்தில் துப்பாக்கியைக் காட்டிப் பதிந்துகொண்டோம்.

வெயில் சாயுமுன் அக்கா ஒரு வேலை செய்தாள். விளையின் ஓரத்து மண்திட்டில் ஒரு செய்தித்தாளை விரித்துக் குச்சி குத்தினாள். நாற்பது எட்டுத் தூரத்தில் நின்று சுட்டாள். மலை அதிர்ந்தது. காகிதத்தில் ஒரே ஓட்டை. இருபத்தைந்து எட்டில் நின்று மறுபடி சுட்டாள். நான்கு ஓட்டைகள், எல்லாம் ஒரு முறத்தின் அகலத்துக்குள்.

"இவ்வளவுதான் நம்ம எல்லை," என்றாள். விளையிலிருந்த காவல் குடிலிலிருந்து அந்தத் தூரத்தை அளந்து, அடையாளத்துக்கு மரச்சீனிக் கம்புகளை நட்டாள். அத்தான் முற்றத்தில் நாற்காலியில் இருந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

சனிக்கிழமை, கிழக்கு வெளுக்கும் நேரம். குடிலில் அக்காவின் பின்னால் நான் உட்கார்ந்திருந்தேன். மேலே ரப்பருக்குள் நெற்றி விளக்குகள் மரத்துக்கு மரம் நகர்ந்தன. கீழே வாழைக்குள் இலை சரசரத்தது. அக்கா துப்பாக்கியைத் தூக்கினாள். சரசரப்பு நெருங்கி, கம்புகளுக்கு இந்தப் பக்கமே வந்துவிட்டது. சுடு, சுடு என்று மனசுக்குள் சொன்னேன். அவள் சுடவில்லை.

வாழையை விலக்கிக்கொண்டு வெளியே வந்தது ஒரு மிளா. பெட்டை மான். ஈரமான காதுகளைத் திருப்பித் திருப்பிக் கேட்டுவிட்டு, பயற்றுக் கொடியை நிதானமாக மேய்ந்தது. அக்கா குழலைத் தாழ்த்தி, துப்பாக்கியை மடக்கித் தோட்டாக்களை வெளியே எடுத்துவிட்டாள். மான் தின்று முடித்துப் போகும்வரை நாங்கள் அசையவில்லை.

"அதுவும் நம்ம பயிரத்தானே திங்குது?" என்று வீட்டில் அத்தான் கேட்டார்.

"திங்கட்டும். அதச் சுட உத்தரவும் இல்ல, எனக்கு மனசும் இல்ல."

ஞாயிற்றுக்கிழமை விடியலில் பன்றிகள் வந்தன. நான்கைந்து இருக்கும். தூரத்தில் நின்றே மரச்சீனி மூடுகளை, செடியின் அடிமண்ணை, உழுவதுபோல் கிளறின. கிழங்கு முறிகிற சத்தம் குடில் வரை கேட்டது. அக்கா காத்திருந்தாள். இரண்டு மூடு போயிற்று, ஐந்து மூடு போயிற்று. நான் அவள் தோளைத் தொட்டேன். அவள் வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். கடைசியில் பெரிய ஆண்பன்றி ஒன்று கம்புகளைத் தாண்டி வந்து, மண்திட்டுக்கு முன்னால் பக்கவாட்டில் திரும்பியது.

ஒரு வெடி. உடனே இன்னொன்று. பன்றி நாலடி ஓடிச் சாய்ந்தது. மற்றவை காட்டுக்குள் போய்விட்டன.

அக்கா நெடுநேரம் எழுந்திருக்கவில்லை. "அது சத்தமே போடல பிள்ளே," என்றாள். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

ஊராட்சிக்கும் வனத்துறைக்கும் போன் செய்தோம். ஆட்கள் வந்து பார்த்து எழுதி, குழி தோண்டி, மண்ணெண்ணெய் ஊற்றிப் புதைத்தார்கள். வேடிக்கை பார்த்த பக்கத்து வீட்டம்மா, "இவ்வளவு இறைச்சியும் மண்ணுக்கா?" என்று வருத்தப்பட்டாள். சட்டம் அப்படி என்றார் வந்தவர். கைத்தாங்கியை ஊன்றிக்கொண்டு அத்தான் வாழைவரை இறங்கி வந்துவிட்டார். விழுந்தபின் அவர் விளைக்குள் கால் வைப்பது அதுவே முதல் தடவை. பன்றியைப் பார்க்கவில்லை. அக்காவைப் பார்த்து, "நல்லவேளை, நீ ரைபிள் எடுக்கல," என்றார். மேல்சரிவில் பால் வெட்டும் பெண்கள் வரிசையாக நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அக்கா தலைக்குக் குளித்து, வெள்ளைச் சேலை உடுத்து, வேதப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு ஆராதனைக்குப் போனாள். நானும் போனேன். ஜெபத்தின்போது அவள் அழுதாள்.

மத்தியானத்துக்கு மேல் பஸ் நிறுத்தம்வரை என்னை வழியனுப்ப வந்தாள். என் பை நிறைய மரச்சீனிக் கிழங்கு. நிறுத்தத்தில் நின்றிருந்த பெண்களில் ஒருத்தி அக்காவின் கையைப் பிடித்தாள்.

"செல்வியக்கா, எங்க விளையிலும் சேம்பு முழுக்கப் போயி. நாளைக்கு ஒருக்க வருவீங்களா?"

"ஊராட்சியில ஒரு வார்த்தை சொல்லி உத்தரவு வாங்கு. நாளைக்குப் பகல்ல வந்து இடம் பாக்குதேன். பின்னால மண்திட்டு உண்டா?" என்று கேட்டாள் அக்கா.

பஸ் வந்ததும் ஜன்னலோர இருக்கையில் உட்கார்ந்தேன். அக்கா கை காட்டியது பாதிதான். அதற்குள் அந்தப் பெண் நிலத்தின் சரிவைக் கையால் வரைந்து காட்ட, இவள் அந்தப் பக்கம் திரும்பிவிட்டாள். எங்கள் தெருவில் விடியற்காலை என்றால் பால்காரரின் மணியும் குழாயில் தண்ணீர் வருகிற சத்தமும்தான். கதவைத் திறக்க யாரும் பயப்படுவதில்லை. அந்த நிம்மதியை அவளுக்குக் கொடுக்கத்தான் போனேன். ஆனால் அங்கே அவளைப் பெயர் சொல்லித் தேடி வருகிறார்கள். இங்கே வந்தால் என் கடையில் அவள் காஜா எடுத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

நாகர்கோவிலில் வீட்டுக்கு வந்து பையை இறக்கியதும், மாடியைக் கழுவி வைத்திருந்த என் கணவர், "என்ன, எப்ப வாறாங்களாம்?" என்று கேட்டார்.

"வரல்ல," என்றேன். "அக்காவுக்கு அங்க வேலை இருக்கு."