அந்தரத்தில் நின்ற சதம்

பாஸ்கல் ஒரு சர்வதேச ஆட்டக்காரர். ராயபுரத்தில் யாரைக் கேட்டாலும் இதைச் சொல்வார்கள். இந்தியாவுக்காக ஆடினாரா என்று மேலே கேட்டால் முறைப்பார்கள்.

அவர் ஆடியது கப்பல்களோடு. இங்கிலாந்துக் கப்பலோ, ஆஸ்திரேலியாவின் கோதுமைக் கப்பலோ, கொழும்புக் கப்பலோ துறைமுகத்தில் கட்டினால் சரக்கை இறக்கி முடிக்க ஒரு வாரம் ஆகும். சும்மா இருக்கும் மாலுமிகள் ஞாயிற்றுக்கிழமை ரயில்வே கொட்டகைகளுக்குப் பின்னாலிருந்த மைதானத்துக்கு ஆட வருவார்கள். கிரேக்கர்களும் ஒருமுறை வந்தார்கள். மட்டையைத் துடுப்பு மாதிரிப் பிடித்தார்கள். அந்த ஆட்டத்தில் அடித்ததை யாரும் கணக்கில் சேர்க்கவில்லை. கிரிக்கெட் ஆடும் நாட்டின் கொடி பறந்தால்தான் அது ஆட்டம். அப்படிப்பட்ட ஆட்டங்களில் 1960 முதல் 1973 வரை எங்கள் நங்கூரம் விளையாட்டுக் கழகத்தின் தொடக்க ஆட்டக்காரராக இறங்கியவர் பாஸ்கல். மொத்தம் பன்னிரண்டு சதம்.

மற்ற நாட்களில் துறைமுகத்தில் கிரேன் ஓட்டினார். ஆள் குட்டை, தோள் அகலம். பந்து வருவதற்கு முன் மட்டையால் தரையை இரண்டு தட்டு தட்டுவார். மூன்றாவது தட்டு தட்டினால் அடிக்கப்போகிறார் என்று அர்த்தம். எதிர் அணியைத் தவிர எல்லோருக்கும் இது தெரியும். அவர் மனைவி சுகிர்தம் ஒவ்வோர் ஆட்டத்துக்கும் வருவார். ஆனால் மைதானத்துக்கு முதுகைக் காட்டித்தான் உட்காருவார். தான் பார்த்தால் அவர் அவுட்டாகிவிடுவார் என்று நம்பிக்கை. சத்தத்தை வைத்தே நாலா ஆறா என்று சரியாகச் சொல்வார்.

1975 தொடக்கத்தில் கழகத்துக்கு ஒரு சொந்த அறை கிடைத்தது. கப்பல்களுக்கு எதிராகச் சதம் அடித்த வடசென்னைக்காரர்கள் எல்லோரின் பெயரையும், எண்ணிக்கையையும் எழுதி அங்கே ஒரு பலகை மாட்ட முடிவு செய்தார்கள். எழுதும் வேலை என்னிடம் வந்தது. எங்கள் குடும்பத்தில் முதலில் பட்டம் வாங்கியவன் நான், அதுவும் புள்ளியியலில். எண்ணுவதற்கென்றே படித்த பிள்ளை என்று என்னைப் பற்றிப் பேசிக்கொண்டார்கள். வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்துவிட்டுப் பத்து மாதமாகக் காத்திருந்தேன். நேரத்துக்குக் குறைவில்லை.

பாஸ்கல் பன்னிரண்டு, காசிமேட்டு எத்திராஜ் பதினொன்று, மற்றவர்கள் அதற்கும் கீழே. இது ஊருக்கே தெரியும். அப்படியே எழுதிவிட்டுப் போயிருக்கலாம். ஆனால் கழகத்தின் பிஸ்கட் டப்பா ஒன்றில் நாலு பழைய ஸ்கோர் நோட்டுகள் இருந்தன. ஏன் திறந்தேன் என்று இப்போதும் என்னையே கேட்டுக்கொள்கிறேன். உண்மைக்காக என்று சொன்னால் நன்றாக இருக்கும். படித்து முடித்த பிறகு எண்ணுவதற்கு எனக்கு ஒன்றுமே கிடைக்கவில்லை என்பதுதான் காரணம்.

எல்லாம் சவரிநாதன் கையெழுத்து. அவர் துறைமுகத்தில் மூட்டை எண்ணும் குமாஸ்தா. போன வருடம் இறந்துவிட்டார். மூட்டையைக் குறிப்பது போலவே ஓட்டங்களையும் நாலு கோடு, குறுக்கே ஒரு கோடு என்று குறித்திருந்தார். பதினாலு ஆண்டுகளுக்கான கோடுகளைக் கூட்டிப் பார்த்தேன். ஒரு பிழைகூட இல்லை. 1967 ஆகஸ்டில் இங்கிலாந்துக் கப்பலோடு ஆடிய ஆட்டத்தில் மட்டும் பாஸ்கலின் கோடுகள் தொண்ணூற்றாறோடு நின்றன. பக்கத்தில் வட்டம் போட்டு ஓர் ஆறு. அதன் கீழே, ‘சங்கு ஊதும்போது அந்தரத்தில்’ என்று எழுதி, மொத்தம் நூற்றிரண்டு என்று முடித்திருந்தார்.

என் அப்பா மூட்டை தூக்குபவர். அதனால் இதன் அர்த்தம் எனக்கு உடனே புரிந்தது. ஷிப்டு முடியும் சங்கு ஊதும்போது கிரேன் கொக்கியில் ஒரு கட்டு மூட்டை தொங்கிக்கொண்டிருந்தால், அது தூக்கிய ஷிப்டுக்குத்தான் சேரும், தரையில் இறங்குவது சங்குக்குப் பிறகு என்றாலும். அன்று கப்பல் திடீரென்று கிளம்ப வேண்டியிருந்ததால் ஆட்களைக் கூப்பிட ஊதியிருக்கிறார்கள். மாலுமிகள் எல்லோரும் அப்படியே வாசலைப் பார்த்து ஓடியிருக்கிறார்கள். பாஸ்கல் அடித்த பந்து அப்போது வானத்தில், எல்லோர் கண்ணும் ஓடியவர்கள் மேல். சவரிநாதன் துறைமுக வழக்கப்படி அதை ஆறாகச் சேர்த்துவிட்டார்.

அதை எடுத்துவிட்டால் பாஸ்கலும் எத்திராஜும் சமம்.

இது சின்ன விஷயமில்லை. பாஸ்கலுக்கு வேறு எதிலும் முதலிடம் கிடைத்ததில்லை. கிரேன் ஓட்டுபவர்களிலும் அவர் மூன்றாம் நிலைதான். பலகையைப் பார்க்கப் பெரம்பூரிலிருந்து தங்கை குடும்பத்தை வரச் சொல்லியிருந்தார். இரண்டு நாள் நோட்டை மூடி வைத்திருந்தேன். மூன்றாம் நாள் அவர் வீட்டுக்குப் போனேன். சுகிர்தம் வாசலில் நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்தார். பாஸ்கல் என்னைப் பார்த்ததும், “இன்னா நைனா, போர்டு எய்திட்டியா?” என்றார்.

நோட்டைக் காட்டினேன். படித்தார். மறுபடி படித்தார்.

“சங்கு ஊதச்சொல்ல கொக்கில கீற சரக்கு யாருது?” என்று கேட்டார்.

தூக்கினவங்களுது என்றேன்.

“அப்ப அட்ச்ச பந்து?”

மூட்டை கீழே இறங்கியதை எல்லோரும் பார்ப்பார்கள், பந்து எங்கே இறங்கியது என்று யாருக்கும் தெரியாதே என்றேன். சொல்லும்போதே என் குரல் எனக்குப் பிடிக்கவில்லை. வேண்டுமானால் அப்படியே விட்டுவிடலாம் என்றும் சேர்த்துச் சொன்னேன்.

சுகிர்தம் மீனிலிருந்து கண்ணை எடுக்காமல், “நான் பாக்கல சாமி, திரும்பிக்கினு குந்திருந்தேன். ஆனா ஆறு சத்தம் கேக்கல, அது நெசம்” என்றார்.

பாஸ்கல் அவரைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். அன்று கப்பலில் ஆள் குறைவு. எப்போதும் போலக் காசிமேட்டிலிருந்து இரண்டு பேரைக் கப்பல் அணிக்காகப் பந்து தடுக்க இரவல் கொடுத்திருந்தார்கள். கடல் பக்க எல்லையில் நின்றவன் எத்திராஜ். இத்தனை வருடத்தில் அவனிடம் இதைக் கேட்கத் தோன்றவில்லை என்றார்.

“எல்லைய தாண்டிச்சுன்னு அவன் வாயாலயே சொல்லட்டும். அப்பால ஒருத்தன் பேசக்கூடாது” என்று சட்டையை மாட்டிக்கொண்டு சைக்கிளை எடுத்தார். நான் பின்னால் உட்கார்ந்தேன். போகும் வழியெல்லாம் விசிலடித்துக்கொண்டே மிதித்தார்.

எத்திராஜ் காசிமேட்டுக் கரையில் மீன் ஏலம் விடுபவர். ஏலம் முடிந்து, கரையில் ஏற்றிய படகின் நிழலில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். “இன்னா பாஸ்கலு, இன்டர்நேசனலு இந்தப் பக்கம் வந்துகீது?” என்றார். பாஸ்கல் நேராக விஷயத்துக்கு வந்தார். எத்திராஜ் கடைசி வாய்ச் சோற்றை மென்று, கையைக் கழுவி, துண்டில் துடைத்தார்.

“புட்ச்சிட்டேன்” என்றார்.

“இன்னாத்த?”

“பந்தத்தான். கடக்காத்து எதுர்ல அட்ச்சிகினு இருந்துச்சு. பந்து மேலயே நின்னுச்சு. பின்னாலயே ஓடிப் புட்ச்சேன். ரெண்டு நாளு கை வீங்கிப் பூட்ச்சு. திரும்பிப் பாத்தா, ஒரு வெள்ளக்காரனும் இல்ல. கேச்சுன்னு கத்துனா கேக்கறதுக்கு ஆளு வாணாமா?”

பாஸ்கல் மணலில் உட்கார்ந்தார். எட்டு வருஷமா ஏன்டா சொல்லல என்றார்.

“எப்ப சொல்றது? நூத்திரெண்டுன்னு உன்னியத் தூக்கிகினு தெருவெல்லாம் சுத்திகினு இருந்தானுங்க. அண்ணி எல்லாத்துக்கும் கேக்கு குட்த்துகினு கீது. எனுக்கும் ஒரு துண்டு குட்த்துச்சு. கேக்கத் துன்னுட்டு இத்த எப்பிடி மாமு சொல்றது?”

நான் மனதுக்குள் கணக்குப் போட்டேன். துறைமுக வழக்கப்படி அந்தப் பந்து சேரும் என்றால் அந்தக் கேட்ச்சும் சேரும். அப்போது பாஸ்கல் தொண்ணூற்றாறில் அவுட். சேராது என்றால் தொண்ணூற்றாறில் ஆட்டமிழக்காமல் நிற்கிறார். எப்படிப் போட்டாலும் சதம் இல்லை. பாஸ்கலும் அதே கணக்கைப் போட்டிருக்க வேண்டும். நான் வாய் திறப்பதற்குள் முடித்துவிட்டார்.

“சரக்கு என்னுதுதான். எறங்குன எடம் உன் கையாப் போச்சு” என்றார்.

பிறகு பாஸ்கல், அது கஷ்டமான கேட்ச்சா என்று கேட்டார். கேட்டதுதான் தாமதம், எத்திராஜ் எழுந்து பின்பக்கமாக ஓடிக் காட்டினார். படகுக் கட்டையில் கால் இடறி, அலுமினியத் தட்டோடு மணலில் விழுந்தார். நீ நின்றது அங்கே இல்லை, இன்னும் இடப்பக்கம் என்று பாஸ்கல் திருத்தினார். அரை மணி நேரம் அந்த ஒரு பந்தை இருவரும் மாற்றி மாற்றி அடித்தார்கள், பிடித்தார்கள். மீன் வாங்க வந்த இரண்டு பெண்கள் நின்று வேடிக்கை பார்த்தார்கள். ஒரு மனிதரிடமிருந்து எதையோ பறித்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டு போன எனக்கு, அங்கே செய்வதற்கு ஒன்றுமில்லாமல் இருந்தது.

திரும்பும்போது விசில் இல்லை. ரயில்வே கேட் மூடியிருந்தது. ஒரு கூட்ஸ் வண்டி முழுதாகப் போகும் வரை நின்றார்.

“பதினொண்ணுன்னு எய்து.”

சரி என்றேன். கேட் தூக்கியதும், “யாரு பேரு மேல வரும்?” என்றார். அகர வரிசைப்படி எத்திராஜ்தான் என்றேன். சைக்கிளை அப்படியே நிறுத்திவிட்டார். சதத்தை விட்டுக்கொடுத்தவர் இதற்கு ஒப்பவில்லை. வயதில் மூத்தவன் நான், முதலில் ஆட வந்தவனும் நான் என்று வீடு வரை வாதாடினார். படித்தவன் நீ, நீயே சொல் என்று முடித்தார். என் படிப்பில் சமமாக வந்தால் சமம்தான். அதற்கு மேல் யாரும் சொல்லித்தரவில்லை.

சனிக்கிழமை நான் பலகைக்கு வண்ணம் தீட்டிக்கொண்டிருந்தபோது வந்தார். எத்திராஜ் பெயர் மேலே, பாஸ்கல் பெயர் கீழே இருந்தது. நின்று பார்த்தார். நான் தூரிகையைக் கீழே வைத்தேன்.

“பேருக்கு பெயின்ட்டு அடி, பரவால்ல” என்றார். “நம்பர மட்டும் சாக்பீசுல எய்து. கொழும்புக் கப்பலு பொதங்கெழம கட்டுது.”

ஆடுவதை விட்டு இரண்டு வருடம் ஆகிவிட்டதே என்றேன். அதையும் சாக்பீசில்தான் எழுதியிருந்ததாகச் சொல்லிவிட்டுப் போனார். காசிமேட்டுக்குச் செய்தி போக ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. எத்திராஜும் மட்டையைத் தேட ஆரம்பித்தார்.

கொழும்புக் கப்பலுக்கு எதிராகப் பாஸ்கல் பதினாலு ஓட்டம் எடுத்தார், எத்திராஜ் ஒன்பது. அடுத்த மாதம் ஓர் ஆஸ்திரேலியக் கப்பல் வருகிறது என்கிறார்கள். அறைக்குள் வந்து போகிறவர்களின் தோள் பட்டு எண்கள் அழிந்துவிடுகின்றன. ஞாயிறுதோறும் ஆட்டத்துக்கு முன் நான் போய் இரண்டு பதினொன்றையும் புதிதாக எழுதிவிட்டு வருகிறேன்.