ஜன்னலோரம் நிற்கும் குடித்தனக்காரர்

சிறையிலிருந்து வந்த பரமசிவத்துக்குத் தன் கடைமாடி அறையைக் கொடுத்ததிலிருந்து சொர்ணத்துக்கு நிம்மதி இல்லை. சாஆ என்ற அந்தச் சின்ன டவுனில் வேறு யாரும் அவருக்கு இடம் தரவில்லை. கடை உடைத்து ஏழு வருடம் உள்ளே இருந்தவர், தினமும் காலை ஆறு மணிக்கு விளக்கைப் போட்டு ஜன்னலைப் பார்த்தபடி அசையாமல் நின்றார். சந்துக்கு அந்தப் பக்கம் நகைக்கடையின் பின்கதவு.

அறையை ஏற்பாடு செய்த, சிறையிலிருந்து வருபவர்களுக்கு உதவும் சங்கத்து லோஷினியிடம் சொர்ணம் சொன்னாள்: "நோட்டம் பார்க்கிறாரும்மா. காலி பண்ணச் சொல்லுங்க."

"நானே வந்து பார்க்கிறேன்க்கா."

மறுநாள் ஆறு மணிக்கு இருவரும் மாடியேறிக் கதவைத் தட்டினார்கள். திறந்த பரமசிவம் உடனே கட்டிலின் கால்மாட்டுக்குப் போய் விறைப்பாக நின்றுகொண்டார். போர்வை சதுரமாக மடிந்திருந்தது.

"ஜெயில்ல இந்த நேரத்துக்கு ஆள் எண்ணுவாங்கக்கா. உடம்பு தானா எழுந்து நின்னுடுது."

சொர்ணம் அதே இடத்தில் நின்று ஜன்னல் வழியே பார்த்தாள். "நகைக்கடைக் கதவுப் பூட்டு வரைக்கும் தெரியுதே."

"நான் அதைக் கவனிக்கலக்கா."

அவள் நம்பவில்லை. "அந்தப் பக்கம் பிடிங்க," என்றாள். கால்மாடு சுவர்ப்பக்கம் வரும்படி மூவருமாகக் கட்டிலைத் திருப்பிப் போட்டார்கள்.

"இனிமே சுவத்தைப் பார்த்து நில்லுங்க. அப்படின்னா இருக்கலாம்."

மறுநாள் காலை சொர்ணம் சந்தில் நின்று அண்ணாந்து பார்த்தாள். ஜன்னலில் அவர் முதுகுதான் தெரிந்தது. அதற்கடுத்த நாளும் போய்ப் பார்த்தாள்.