நான் அழித்த நாலு வரி

எங்கள் வீட்டில் கைநாட்டு வைக்காமல் கையெழுத்துப் போட்ட முதல் ஆள் நான். அந்தப் பெருமைதான் என்னைத் தப்புச் செய்ய வைத்தது.

ராயபுரத்தில் சின்ன மென்பொருள் அலுவலகம். ஒரு கப்பல் கம்பெனிக்காக, கன்டெய்னர்கள் எங்கே நிற்கின்றன என்று காட்டும் புரோகிராம் எழுதினேன். அதில் ஒரு பகுதி, யாரோ எழுதி இணையத்தில் போட்டதை பிரவுசிங் சென்டரில் இறக்கியது. அதன் தலையில் நாலு வரி உரிமம்: இதைச் சேர்த்து விற்பவர் தன் புரோகிராம் முழுவதையும் யாரும் எடுத்துக்கொள்ளும்படி திறந்து கொடுக்க வேண்டும். எல்லாமே நான் எழுதியது என்று முதலாளி நினைக்கட்டும் என அந்த வரிகளை அழித்துவிட்டேன்.

ஒப்பந்த நாளில் கப்பல் கம்பெனி வக்கீலம்மா ஒரு தாளை நீட்டினார். "வெளியாள் எழுதினது எதுவும் இல்லைன்னு நீங்க கையெழுத்துப் போடணும்."

ஒப்பந்தம் போனால் அலுவலகத்தையே மூட வேண்டியதுதான். பேனா மூடியைத் திருகிக்கொண்டிருந்தேன்.

"இன்னாம்மா யோசிச்சிகினு கீற? போடு" என்றார் முதலாளி கபீர் பாய்.

"முடியாது பாய். ஒரு பகுதி என்னுது இல்ல. உரிமத்த நான்தான் அழிச்சேன்."

பாய் முகம் வெளிறியது. வக்கீலம்மா தாளைத் திரும்ப எடுத்துக்கொண்டார்.

"அந்த உரிமம் எங்களுக்கு ஆகாது. எழுதினவர் பேரை வெச்சா போதும்னு சொல்ற உரிமமும் இருக்கு. அப்படி உரிமம் உள்ள பகுதியா மாத்திப் போட்டு, எது யார் எழுதினதுன்னு பட்டியலோட திங்கக்கிழமை வாங்க."

வெளியே வந்ததும் பாய், "பேஜாரு பண்ணிட்டியேம்மா" என்றார். கொஞ்ச தூரம் நடந்து, "டீ குடிக்கிறியா?" என்றார்.

திங்களன்று பட்டியலில், மாற்றிப் போட்ட பகுதியை எழுதிய முகம் தெரியாத ஒருவரின் பெயரை முதலில் எழுதினேன். அதன் கீழே என் கையெழுத்து. அன்றுதான் அது எனக்கே அழகாகத் தெரிந்தது.