கறுப்பு லென்ஸ், மஞ்சள் லென்ஸ்

என் மகளுக்கு வலது கண்தான் கண். இடது கண் பார்க்க அழகாக இருக்கும், மை போட்டால் இன்னும் அழகாக இருக்கும். ஆனால் அதற்கு வெளிச்சம் தெரியும், ஆள் தெரியாது. பிறக்கும்போதே அதில் புரை இருந்தது. தூத்துக்குடியில் ஒரு டாக்டர், மதுரையில் ஒரு டாக்டர், கைக்குழந்தையிலேயே ஒரு ஆபரேஷன் என்று எல்லாம் பார்த்தாயிற்று. கடைசியில் மதுரை டாக்டரம்மா சொன்னது, "இருக்கிற கண்ணைப் பத்திரமா பாத்துக்கோங்க" என்பதுதான். அந்த ஒரு வாக்கியத்தை வைத்துக்கொண்டுதான் அவளை ஒன்பதாம் வகுப்பு வரை கொண்டுவந்திருக்கிறேன். எங்கள் வீட்டில் பட்டாசு கிடையாது, இறகுப் பந்து கிடையாது. பக்கத்து ஃபிளாட் பிள்ளை பென்சிலைக் கையில் வைத்துக்கொண்டு பேசினால்கூட நான் நடுவில் போய் நின்றுவிடுவேன்.

வெளியே யாருக்கும் இது தெரியாது. பள்ளிக்கூடத்தில் கண்ணாடி பவர் அதிகம் என்று மட்டும் சொல்லியிருந்தோம். பெண் பிள்ளை, நாளைக்கு நல்ல காரியம் பேசி வரும்போது என்ன சொல்வார்கள் என்று என் வீட்டிலும் கவலை, அவர் வீட்டிலும் கவலை. எந்த விஷயத்திலும் ஒத்துப்போகாத இரண்டு குடும்பமும் இதில் மட்டும் ஒத்துப்போயிற்று. மகளிடமும் சொல்லித்தான் வளர்த்தேன்: "யார்ட்டயும் சொல்லாதட்டி."

அப்படி வளர்த்தவள் ஒரு நாள் பள்ளியிலிருந்து வந்து, ஷூவைக்கூடக் கழற்றாமல், "அம்மா, ஸ்கூல் ட்ரிப் ஜார்ஜியாவுக்கு. ஸ்கீயிங். நானும் போறேன்" என்றாள்.

காலில் இரண்டு நீளப் பட்டைகளை மாட்டிக்கொண்டு பனிமலை மேலிருந்து கீழே சறுக்கி வருவது. துபாய் வெயிலுக்குப் பயந்து பார்க்கிங்கிலிருந்து லிஃப்டுக்கு ஓடுகிற குடும்பத்துக்கு இது தேவையா என்று கேட்டேன். அவள் அப்பாவுக்குப் போன் போட்டாள். அவருக்கு வேலை நடுக்கடலில், எண்ணெய் எடுக்கிற பிளாட்ஃபார்மில். அங்கிருந்துகொண்டு மகள் கேட்டதற்கெல்லாம் சரி என்று சொல்வது அவருக்குச் சுலபம்.

"போவட்டும்" என்றார் என்னிடம். "அவ கூட்டுக்காரிய எல்லாம் போவும்போது இவள மட்டும் எப்பிடி நிறுத்த? நீ கண்ணுக்கு நல்லதா ஒண்ணு பாத்து வாங்கிக் குடு. நாங்க இங்க கண்ணாடி போடாம டெக்குக்கே போவ மாட்டோம்."

சரி என்று சொல்ல வேண்டியது அவர், சரியாக வாங்க வேண்டியது நான். எங்கள் வீட்டில் வேலைப் பிரிவினை எப்போதும் இப்படித்தான்.

போகிற பிள்ளைகள் முன்கூட்டியே கொஞ்சம் பழகிக்கொள்ள வேண்டும் என்று பள்ளியில் சொன்னார்கள். பழகுவதற்குத்தான் துபாயில் மாலுக்குள்ளேயே பனிச்சரிவு இருக்கிறதே. சனிக்கிழமை காலைகளில் வகுப்பு. ஜாக்கெட், பூட்ஸ், ஹெல்மெட் எல்லாம் அங்கேயே வாடகைக்குத் தருவார்கள். கண்ணுக்குப் போடுவது மட்டும் நம்முடையது. முதல் இரண்டு வகுப்புக்கு அவள் தோழி ஒருத்தி தன் அக்காவின் பழைய காகிள்ஸைக் கொடுத்திருந்தாள். பனிச்சரிவுக்கு வெளியே மாலில் பெரிய கண்ணாடிச் சுவர் உண்டு. அதன் ஓரமாக ஒரு காபிக் கடை. பெற்றவர்கள் அங்கே உட்கார்ந்து, உள்ளே பிள்ளைகள் விழுவதையும் எழுவதையும் பார்த்துக்கொண்டிருப்பார்கள். மற்றவர்கள் காபி குடிப்பார்கள். நான் ஜெபமாலை உருட்டுவேன்.

இரண்டு சனிக்கிழமையும் அவள் நன்றாகத்தான் வந்தாள். என்னால்தான் நன்றாக இருக்க முடியவில்லை. இரண்டாவது வகுப்பு முடிந்து வந்ததும் அந்த இரவல் காகிள்ஸை வாங்கிப் பார்த்தேன். லென்ஸ் முழுக்க மஞ்சள். ஓரத்தில் கீறல் வேறு.

வளைகுடாவில் இருப்பவர்களுக்குத் தெரியும், பிளாஸ்டிக் மஞ்சளித்தால் என்ன அர்த்தம் என்று. பால்கனியில் போட்ட வெள்ளை நாற்காலி ஒரு கோடையில் மஞ்சளாகும், அடுத்த கோடையில் உட்கார்ந்ததும் கால் முறியும். துணிக்கு மாட்டுகிற கிளிப் மஞ்சளித்தால் கையில் எடுக்கும்போதே நொறுங்கும். கார் ஹெட்லைட் மஞ்சளித்தால் மாற்று என்று வருடாந்தர சோதனையில் திருப்பி அனுப்புவார்கள். மஞ்சள் என்றால் வெயில் தின்று முடித்தது என்று அர்த்தம். அப்படித் தின்று முடித்த ஒன்று என் மகளின் ஒரே கண்ணுக்கு முன்னால் இருந்திருக்கிறது. விழுந்து, அது உடைந்து, சில்லு உள்ளே போயிருந்தால் என்று நினைத்த பிறகு அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

அந்த வாரமே கடைக்குப் போனோம். ஜெபல் அலியில் சரக்குக் கப்பல் கம்பெனி ஒன்றில் எனக்கு வேலை. ஆபீஸ் முடிந்து, மகளையும் ஏற்றிக்கொண்டு நேராகப் போனேன். கடையில் ஒரு பிலிப்பைன்ஸ் பெண் பொறுமையாகக் காட்டினாள். மூக்குக்கண்ணாடிக்கு மேலேயே போடுகிற மாதிரி, பக்கவாட்டில் காதுக்கம்பிக்கு இடம் விட்ட காகிள்ஸ் எது என்று முதலில் பார்த்தோம். பிறகு லென்ஸ். லென்ஸுக்கு நம்பர் இருக்கிறதாம். நம்பர் ஏற ஏற இருட்டு. சுட்டெரிக்கிற வெயிலில் பனி பளபளக்கும்போது கறுப்பு. மேகம் மூடினால், பனி தூவினால், இல்லை கூரைக்குக் கீழே சறுக்கினால் வெளிர் நிறம்.

நான் கேட்டுக்கொண்டேன், ஆனால் கை கறுப்புக்குத்தான் போனது. வீட்டுச் சன்னலுக்குக் கனத்த திரை, கார்க் கண்ணாடிக்குக் கறுப்பு ஷீட், வெளியே இறங்கினால் கூலிங் கிளாஸ். இத்தனை வருஷமும் கறுப்புதானே எங்களைக் காப்பாற்றியது? வெளியே கண்ணாடி போலப் பளபளத்த, உள்ளே யார் இருக்கிறார்கள் என்றே தெரியாத ஒரு கறுப்பு லென்ஸை எடுத்தேன். அதோடு இன்னொரு லென்ஸும் செட்டாக வந்தது. காந்தத்தில் ஒட்டுகிறது, ஒன்றைக் கழற்றி மற்றதை நொடியில் மாட்டலாம் என்று அந்தப் பெண் செய்து காட்டினாள். இரண்டாவது லென்ஸ் மஞ்சள்.

"இது பழைய ஸ்டாக்கா?" என்று கேட்டேன்.

அந்தப் பெண் சிரித்தாள். மகள் தரையைப் பார்த்தாள். "அம்மா, அது கலரே அப்படித்தாம்மா" என்றாள் மெதுவாக.

கலரே அப்படி என்றால் இருக்கட்டும். ஆனாலும் என் மனசு கேட்கவில்லை. கறுப்பை மாட்டிக் கொடுத்தேன். மஞ்சளை அதன் துணிப்பையோடு என் கைப்பையில், அடையாள அட்டைகள் வைக்கிற ஜிப்புக்குள் போட்டுப் பூட்டினேன்.

மூன்றாவது சனிக்கிழமை. காபிக் கடையில் கண்ணாடிச் சுவரை ஒட்டிய நாற்காலியைப் பிடித்து உட்கார்ந்தேன். கறுப்பு காகிள்ஸில் அவளைப் பார்க்கக் கம்பீரமாக இருந்தது. போட்டோ எடுத்து அவருக்கு அனுப்பினேன். அதன் பிறகுதான் அவள் சறுக்க ஆரம்பித்தாள்.

நாலு அடி வந்தாள், நின்றாள். மறுபடி கொஞ்சம் வந்தாள், நின்றாள். போன வாரம் சும்மா வழுக்கி வந்த இடத்தில் இப்போது காலால் தடவித் தடவி வந்தாள். பனி கொஞ்சம் மேடாகக் குவிந்திருந்த இடத்தில் நேராக ஏறி, தடுமாறி, பக்கவாட்டில் விழுந்தாள். எழுந்து தலையை இடதும் வலதுமாகத் திருப்பிக்கொண்டே இருந்தாள். இடது பக்கத்திலிருந்து ஒரு சின்னப் பிள்ளை வேகமாக வந்தது. இவளுக்குத் தெரியவில்லை. அந்தப் பிள்ளை கடைசி நேரத்தில் வளைந்து போனதால் தப்பித்தாள்.

நான் எழுந்துவிட்டேன். உள்ளே எவ்வளவு வெளிச்சம் என்று அப்போதுதான் கவனித்தேன். மாலில் என் தலைக்கு மேலே இருந்த வெளிச்சத்தில் பாதிகூட அங்கே இல்லை. கூரைக்குக் கீழே, மங்கிய விளக்கில், வெயிலுக்கு உண்டான கண்ணாடியை மாட்டி என் பிள்ளையை அனுப்பியிருக்கிறேன். வேண்டிய லென்ஸ் என் கைப்பையில் பூட்டிக் கிடக்கிறது.

வாசலுக்கு ஓடினேன். டிக்கெட் வேண்டும், ஜாக்கெட் வேண்டும், பூட்ஸ் வேண்டும் என்றார் காவலுக்கு நின்றவர். நான் செருப்பில் நின்றேன். "பாய், பச்சி அந்தர் ஹை, ஆங்க் கா பிராப்ளம்", பிள்ளை உள்ளே இருக்கிறாள், கண்ணில் பிரச்சினை என்று எனக்கு வருகிற இந்தியில் கெஞ்சினேன். என்ன பிராப்ளம் என்று கேட்டார். வாய் வரை வந்தது. இத்தனை வருஷம் சொல்லாததை ஒரு வாசலில் சொல்ல வரவில்லை. "பவர் ஜாஸ்தி" என்றேன். அவர் ஒருவரை உள்ளே அனுப்பிச் சொல்கிறேன் என்றார், வயர்லெஸ்ஸை எடுத்தார். எனக்கு நிற்கப் பொறுக்கவில்லை, திரும்பக் கண்ணாடிச் சுவருக்கே ஓடினேன்.

அதற்குள் அவள் காகிள்ஸைத் தூக்கி ஹெல்மெட் மேல் ஏற்றிவிட்டாள். வெறும் மூக்குக்கண்ணாடியோடு நின்றாள். பக்கத்தில் சறுக்குகிறவர்களின் கம்பு நுனி, தெறிக்கிற பனித்துகள், எல்லாம் அந்த ஒரு கண்ணுக்கு நேரே. "போடுட்டி, போடு" என்று சுவரைத் தட்டினேன். காபி குடித்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். உள்ளே எதுவும் கேட்காது. போனை எடுத்து அவருக்கு அடித்தேன், டூட்டியில் இருப்பார் போல, எடுக்கவில்லை.

அவள் கீழே வர ஆரம்பித்தாள். இந்த முறை நிற்கவில்லை. மேட்டைப் பார்த்து வளைந்தாள், பள்ளத்தில் முழங்காலை மடக்கினாள். வகுப்பு எடுக்கிற நேபாளிப் பையன் அவளுக்கு இடது பக்கமாகவே, கைக்கெட்டும் தூரத்தில் கூடவே வந்தான். அவள் வளைந்தால் அவனும் வளைந்தான், ஆனால் அந்தப் பக்கத்தை விடவில்லை. கீழே வந்து சேர்ந்ததும்தான் நான் மூச்சு விட்டேன்.

வெளியே வந்தவளின் கண் சிவந்து நீர் வழிந்தது. பார்த்ததும் எனக்குப் பயம் போய்க் கோபம் வந்தது.

"எதுக்குட்டி கழத்துன? அந்தக் கண்ணுக்கு ஒண்ணு ஆச்சுன்னா என்னட்டி செய்வ?"

அவள் கோபப்படவில்லை. கையுறையைக் கழற்றிக்கொண்டே சொன்னாள். "எனக்கு டெப்த் தெரியாதுல்லம்மா. உனக்கு ரெண்டு கண்ணு, தூரம் தானா தெரியும். நான் ஷேடோ வச்சுதான் மேடு எது பள்ளம் எதுன்னு பாப்பேன். உள்ள எல்லாமே வெள்ளை. மஞ்சள் போட்டா அந்தக் குட்டிக் குட்டி ஷேடோ நல்லாத் தெரியும். கறுப்புல ஒண்ணுமே தெரியல." மற்றக் கையுறையையும் கழற்றினாள். "நீ வாங்கினது கண்ணுக்கு நல்லதுதாம்மா. ஆனா எனக்குப் பாக்கணும்லா."

நிழலை வைத்துத்தான் பார்க்கிறாள் என்பதே அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. அந்தக் கண்ணைப் பற்றி எனக்குத் தெரியாதது எதுவுமில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தவள் நான். ஜிப்பைத் திறந்து மஞ்சள் லென்ஸை எடுத்து அவள் கையில் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு உடை மாற்றப் போனாள்.

அப்போது அந்த நேபாளிப் பையன் ஹெல்மெட்டைக் கையில் வைத்துக்கொண்டு அந்தப் பக்கம் வந்தான். சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன். ஜார்ஜியாவுக்கு அவனும் கூடப் போகிறான். அங்கே மலை பெரிது, மேகம் எப்போது மூடும் என்று தெரியாது. குலமானம் பார்க்கிற இடமில்லை அது.

"பாய், ஒரு விஷயம்" என்று இந்தியில் ஆரம்பித்தேன். "என் பொண்ணுக்கு இடது கண்..."

"தெரியும், தீதி" என்றான். "முதல் நாளே சொல்லிவிட்டாள். அதனால்தான் நான் அந்தப் பக்கம் வருகிறேன்."

அவன் சொல்லலாமா வேண்டாமா என்று கொஞ்சம் தயங்கினான்.

"உங்களிடம் சொல்ல வேண்டாம் என்றாள். அவள் சொன்னது தெரிந்தால் அம்மாவுக்குத் தூக்கம் போய்விடும், பாவம் என்றாள்."

நன்றி என்று சொன்னேனா என்று நினைவில்லை. நான் அவளைக் காத்துக்கொண்டிருக்கிறேன் என்று நினைத்த இத்தனை நாளில், அவள் சத்தமில்லாமல் என்னைக் காத்துக்கொண்டிருந்திருக்கிறாள். அதை நினைக்க அழுகையாகவும் வந்தது, கொஞ்சம் வெட்கமாகவும் இருந்தது.

வீட்டுக்குத் திரும்பும்போது நான் கார் ஓட்டினேன். இந்த ஊர்க் கார்களில் ஓட்டுகிறவருக்கு இடப்பக்கம் இருக்கை. பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற அவளுக்கு நான் இருப்பது பார்வை தெரியாத இடது கண்ணின் பக்கம்.

"சார்ட்ட என்னம்மா பேசிட்டிருந்த?" என்று கேட்டாள்.

"லென்ஸப் பத்திதான்" என்றேன். "எந்த வெளிச்சத்துக்கு எது போடணும்னு கேட்டேன்."

அவள் கழுத்தை முழுக்கத் திருப்பி, அந்த ஒரு கண்ணால் என்னையே பார்த்தாள். நான் ரோட்டைப் பார்த்து ஓட்டினேன்.