கொழுந்தனின் எலும்பு

கல்பாக்கத்தில் அணுமின் நிலையம் எழும்பிக்கொண்டிருந்த வருடங்கள் அவை. கால் முறிந்த என் மகனோடு செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் இருந்தேன். பக்கத்துக் கட்டிலில் கை முறிந்த ஒரு சிறுமி. அவளுடைய அம்மா மாமல்லபுரத்தை ஒட்டிய குப்பத்தில் மீன் விற்பவள். நெடுநெடுவென்ற கறுத்த உருவம், இரண்டு பக்கமும் மூக்குத்தி.

மீன்கூடையைக் கவிழ்த்துவிட்டாளென்று சிறுமியின் சித்தப்பா அவள் கையைப் பிடித்து இழுத்திருக்கிறான், எலும்பு முறிந்துவிட்டது. அந்தக் கொழுந்தன் வார்டு வாசலில் தலைகாட்டும்போதெல்லாம் இவள் அவனை நோக்கிப் பத்து விரல்களையும் நெட்டி முறித்து, "நாசமாப் பூடுவ" என்பாள்.

டாக்டர் எக்ஸ்ரேயைக் காட்டினார். "எலும்புக்குள்ள நீர்க்கட்டி இருக்கும்மா. முட்டை ஓடு மாதிரி மெலிசாயிடுச்சு. லேசா இழுத்தாலே உடையும். அவர்மேல தப்பில்ல."

"கட்டி இருந்துச்சு, சரி. புடிச்சு இழுத்தது கட்டியா, அவனா?"

கட்டியைச் சுரண்டி எடுத்துவிட்டு, அந்தக் குழியை எலும்புத் துண்டுகளால் நிரப்ப வேண்டுமாம். சிறுமியின் இடுப்பிலிருந்தே எடுக்கலாம். சொந்தத்தில் பெரியவர் யாராவது கொடுத்தாலும் சரி என்றார்.

"அவன் இடுப்புல வெட்டி எடு டாக்டரு."

வாசலில் நின்றவன் சரியென்று தலையாட்டினான்.

ஆபரேஷன் முடிந்து அவன் நொண்டிக்கொண்டு வந்தபோதும் அவள் நெட்டி முறித்தாள். "இன்னுமாம்மா கோபம் தீரல?" என்று கேட்டேன்.

"இன்னாத்துக்குத் தீரணும்? அவன் எலும்பு எம் பொண்ணு கையில கீது. இனிமே புடிச்சு இழுக்கட்டும், அவன் எலும்பத்தான் அவன் ஒடிக்கணும்."

சொல்லிவிட்டு அவனுக்கும் கஞ்சி ஊற்றி நீட்டினாள், ஆற்றாமல், கொதிக்கக் கொதிக்க. அவன் ஊதிக்கூடப் பார்க்காமல் அதைக் குடித்தது இன்றும் என் கண்ணில் நிற்கிறது.